"ஸ்டேபிளா இருக்கார்" என்றால் வீட்டாருக்கு என்ன புரிகிறது?

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்தாரிடம் மருத்துவர்கள் அடிக்கடி சொல்வது இது: "கிரிட்டிக்கல்தான், ஆனா ஸ்டேபிளா இருக்கார்." ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு எல்லாம் சில மணி நேரமாக மேலும் கெடாமல் இருக்கின்றன என்பதுதான் மருத்துவர் மனதில் இருப்பது. அப்படி இருப்பதே வென்டிலேட்டராலும், விடாமல் ஏறிக்கொண்டிருக்கும் மருந்தாலும்தான் என்பது அவருக்குத் தெரியும். கேட்டுக்கொண்டிருக்கும் மகளுக்கு அது தெரியாது. வெளியூரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டு, "இப்ப பரவாயில்லையாம், நீ பதறி ஓடி வர வேணாம்" என்கிறாள். மறுநாள் நிலைமை மோசமானதும், "நேத்து நல்லா இருக்கார்னுதானே சொன்னீங்க?" என்று கேட்கிறாள்.

யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அண்ணன் அப்பாவைக் கடைசியாகப் பார்க்கும் வாய்ப்பு போய்விட்டது. பொது மருத்துவராக இருக்கும் எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. நாங்கள் பழக்கத்தில் சொல்லிவிடும் ஆங்கிலத் தொடர்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் சில வருடப் படிப்பு இருக்கிறது. தொடரை மட்டும் நோயாளியிடம் கொடுத்துவிட்டு, அதைத் திறக்கும் சாவியை நாங்களே வைத்துக்கொள்கிறோம்.

மருந்துச் சீட்டில் வரும் "எஸ்ஓஎஸ்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'தேவைப்பட்டால்' என்று பொருள்படும் லத்தீன் தொடரின் முதலெழுத்துகள் அவை. மருத்துவம் படிக்காதவருக்கு எஸ்ஓஎஸ் என்றால் ஆபத்தில் இருப்பவர் உதவி கேட்டு அனுப்பும் குறி. என்னிடம் ஒற்றைத் தலைவலிக்காக வரும் ஆசிரியை ஒருவர், கொடுத்த மாத்திரை அட்டையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. நடுவில் தலைவலியால் வேலைக்கே போகாமல் படுத்த நாட்கள் உண்டு. ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு, "அது எமர்ஜென்சிக்குன்னு எழுதியிருந்தீங்களே டாக்டர், அந்த அளவுக்கு வரலையேன்னு பொறுத்துக்கிட்டேன்" என்றார். ஒற்றைத் தலைவலி மாத்திரைகள் வலி தொடங்கிய உடனே போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். வலி முற்றிய பிறகு போட்டால் பாதிப் பலன்கூடக் கிடைக்காமல் போகலாம். ஆக, அவர் பொறுத்துக்கொண்ட பொறுமை முழுவதும் வீண்.

"அப்படியானால் தமிழில் 'தேவைப்பட்டால்' என்று எழுதிவிடுங்களேன்" என்று சிலர் சொல்வார்கள். எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் அதோடு வேலை முடிவதில்லை. எப்போது தேவைப்பட்டதாகக் கொள்வது? ஒன்று போட்டுக் கேட்கவில்லை என்றால் அடுத்தது எத்தனை மணி நேரம் கழித்து? ஒரு நாளைக்கு எத்தனைக்கு மேல் கூடாது? காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலையே பாருங்கள். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும், பெரியவர்கள் 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் அதைவிடவும் குறைவு. இவ்வளவும் 'எஸ்ஓஎஸ்' என்ற மூன்று எழுத்துக்குள் அடங்கிவிட்டதாக நாங்கள் நினைக்கிறோம்.

மொழி மாறினால் மட்டும் போதாது என்பதற்கு "எம்ப்டி ஸ்டமக்" இன்னும் நல்ல சாட்சி. இதைத் தமிழில் 'வெறும் வயிற்றில்' என்று எல்லோருமே சொல்கிறோம், எல்லோருமே புரிந்ததாகத் தலையாட்டுகிறோம். தைராய்டு மாத்திரை சாப்பிடும் ஒரு அம்மாவுக்கு அளவை இரண்டு முறை கூட்டியும், ரத்தத்தில் டிஎஸ்எச் இறங்கவே இல்லை; மருந்து போதவில்லை என்றால் கூடியே நிற்கும் அளவு அது. தினமும் தவறாமல் போடுகிறேன் என்றார், அது உண்மையும்தான். "காலையில எழுந்ததுல இருந்து என்னென்ன செய்வீங்கம்மா, வரிசையாச் சொல்லுங்க" என்று கேட்டபோது விடை கிடைத்தது. எழுந்ததும் காபி. அந்தக் காபியிலேயே மாத்திரையை விழுங்கிவிடுவார், கூடவே கால்சியம் மாத்திரையும். "காபி சாப்பாட்டுல சேராதே டாக்டர்?" என்றார். அவர் கணக்கில் அது சரிதான். காபி அந்த மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், கால்சியத்துக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. காபிக்கும் காலை உணவுக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால், வெறும் தண்ணீரில் மட்டும் போடச் சொன்னோம். கூட்டிய அளவைப் பிறகு குறைக்க வேண்டிவந்தது.

ரத்தப் பரிசோதனைக்கான "ஃபாஸ்டிங்" விஷயத்திலும் இதே கதைதான். எட்டு மணி நேரம் உணவு கூடாது, தண்ணீர் குடிக்கலாம். இரண்டாவது பாதியைச் சொல்லாததால் நாக்கு வறண்டு வந்து நிற்கும் முதியவர்களை ஆய்வகங்களில் தினமும் பார்க்கலாம். சாப்பிட்ட பிறகு எடுக்கும் "பிபி"க்கு (ரத்த அழுத்தம் அல்ல, உணவுக்குப் பிந்தைய சர்க்கரைப் பரிசோதனை) இரண்டு மணி நேரம் என்கிறோம். அது முதல் கவளத்திலிருந்து எண்ண வேண்டியது. பலர் கை கழுவியதிலிருந்து எண்ணுகிறார்கள்.

இது ஆங்கிலம் தெரியாதவர்களின் சிக்கல் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத் திருவிழாவுக்கு 2021இல் வந்த 215 பேரிடம் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் தொடர்களைக் கொடுத்துப் பொருள் கேட்டார்கள். புற்றுநோய்ப் பரிசோதனை "நெகட்டிவ்" என்றால் நோய் இல்லை என்பது 96 சதவீதம் பேருக்குத் தெரிந்திருந்தது. "நோட்ஸ் (நிணநீர்க் கணுக்கள்) பாசிட்டிவ்" என்றால் புற்றுநோய் பரவியிருக்கிறது என்பதை 67 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். உங்கள் எக்ஸ்ரே "இம்ப்ரெஸிவ்" என்று மருத்துவர் சொன்னால் அது பெரும்பாலும் கெட்ட செய்தி என்று உணர்ந்தவர்கள் 21 சதவீதம் மட்டுமே. ஆங்கிலம் புழங்கும் நாட்டிலேயே இந்த நிலை.

இன்னொரு ஆய்வு என்னை இன்றும் உறுத்துவது. 2006இல் வெளியானது. "இரண்டு மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு முறை" என்ற வாசகத்தை, படிப்பறிவு குறைந்த நோயாளிகளில் சுமார் 71 சதவீதம் பேர் சரியாக வாசித்துச் சொன்னார்கள். அப்படியானால் ஒரு நாளுக்கு மொத்தம் எத்தனை மாத்திரை, எண்ணிக் காட்டுங்கள் என்றபோது சரியாகக் காட்டியவர்கள் சுமார் 35 சதவீதம்தான். ஆகவே "புரிஞ்சுதா?" என்று கேட்டு "புரிஞ்சுது டாக்டர்" என்ற பதிலை வாங்கிக்கொள்வதில் பயனில்லை. நோயாளி திருப்பிச் சொன்னாலே போதும் என்பதும் இல்லை, செய்து காட்டினால்தான் தெரியும்.

பரிசோதனை அறிக்கைகள் தனிப் பிரச்சினை. அவை ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்கு எழுதும் கடிதம் போன்றவை. இப்போது அந்தக் கடிதம் எங்களுக்கு முன்னால் நோயாளியின் கைப்பேசிக்குப் போய்விடுகிறது. ஸ்கேன் விண்ணப்பத்தில் "ரூல் அவுட் மாலிக்னன்சி" என்று எழுதினால், புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்து கொடுங்கள் என்று கேட்கிறோம். அதைப் படிக்கும் குடும்பத்துக்கு மாலிக்னன்சி என்ற சொல் ஒன்றே போதும், அன்று இரவு யாரும் தூங்குவதில்லை. எச்ஐவி அறிக்கையில் "நான்-ரியாக்டிவ்" என்று வந்ததைப் பார்த்து, உடம்பில் மருந்து வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று கலங்கி வந்தவர்கள் உண்டு. அது நல்ல முடிவு, கிருமிக்கான அடையாளம் தென்படவில்லை என்று பொருள். "கிளினிகல் கோரிலேஷன்" தேவை என்று அடியில் எழுதியிருந்தால், படத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், நோயாளியை நேரில் பார்த்துப் பொருத்திப் பாருங்கள் என்று எங்களுக்குச் சொல்கிறார்கள். விண்ணப்பம் எழுதும்போதே "எதற்காக இதைக் கேட்கிறேன், அதில் என்ன சொல் இருக்கும்" என்று ஒரு நிமிடம் சொல்லிவிடுவது எங்கள் கடமை என்றே நான் கருதுகிறேன். நேரமில்லை என்ற சமாதானத்தை இந்த ஒன்றில் ஏற்க மனம் வரவில்லை.

மாத்திரை அட்டையில் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் "எஸ்ஆர்", "எக்ஸ்ஆர்" போன்ற எழுத்துகளையும் வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டும். மருந்து பல மணி நேரம் மெல்ல மெல்ல வெளிவரும்படி செய்தது என்று அதற்குப் பொருள். விழுங்க முடியவில்லையே என்று பொடி செய்து கொடுத்தால் முழு அளவும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். பொடிக்கும் முன் கேளுங்கள், வேறு வடிவம் பெரும்பாலும் இருக்கும்.

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம் என்று எழுதுவது எளிது. வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் படித்தவர்களுக்கும் வாய் வருவதில்லை. அதனால் கேட்கும் பொறுப்பை நோயாளியின் தலையில் கட்ட எனக்கு விருப்பமில்லை. என் அறையில் இப்போது "வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீங்கன்னு எனக்குச் சொல்லுங்க, நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும்" என்று கேட்கிறேன். அப்படிக் கேட்டால் அது அவருக்குப் பரீட்சையாகத் தோன்றுவதில்லை. ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆவது அரிது.

மெத்தோட்ரெக்ஸேட் எழுதும்போது மட்டும் அந்த ஒரு நிமிடம் போதாது. முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் இதை வாரத்தில் ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். "வீக்லி" என்று எழுதியிருந்ததைக் கவனிக்காமல் மற்ற மாத்திரைகளைப் போலத் தினமும் போட்டு, எலும்பு மஜ்ஜை செயலிழந்து இறந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். கூடவே கொடுக்கும் ஃபோலிக் ஆசிட்டும் இதுவும் சிறிய மஞ்சள் மாத்திரைகளாகவே வருவதுண்டு, மாறிப்போவதற்கு அதுவே போதும். நான் கிழமையைத் தமிழில் எழுத்தால் எழுதுகிறேன்: "திங்கட்கிழமை மட்டும். மற்ற நாட்களில் கூடாது." இரண்டு அட்டைகளையும் மேசையில் வைத்து, எது எந்தக் கிழமை என்று வீட்டிலிருந்து வந்த இன்னொருவரையும் காட்டச் சொல்கிறேன். வாயில் புண், காய்ச்சல், மூச்சிரைப்பு, காரணமில்லாத ரத்தக் கசிவு இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே வர வேண்டும் என்பதையும் அதே தாளில், அதே கையெழுத்தில் எழுதித் தருகிறேன்.