டேஷ்போர்டு: சேற்றுத் தட்டி, முகப்பு, முன்பெட்டி

மதுரையில் எந்த ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டாலும் கொஞ்ச நேரத்தில் இந்தப் பேச்சு காதில் விழும்: "அண்ணே, டேஷ்போர்டைத் திறந்து ஆர்.சி. புக்கை எடுங்க." பலகையை எப்படித் திறப்பது? மெக்கானிக் சொல்வது, முன் சீட்டில் உட்காருபவரின் முழங்காலுக்கு நேராக இருக்கும் மூடி போட்ட பெட்டியை. முள் ஆடும் வட்டங்கள் இருக்கும் இடம் அவருக்கு 'மீட்டர் போர்டு'. சரி, கண்ணாடிக்குக் கீழே கதவுக்குக் கதவு நீளும் அந்த முழுப் பகுதிக்கு என்ன பெயர்? கேட்டுப் பார்த்தேன். "முன்னாடி இருக்குல்லண்ணே, அது" என்றார்.

அவர் தப்பாகச் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. டேஷ்போர்டு என்ற சொல் பிறந்ததிலிருந்தே இடம் மாறிக்கொண்டு வந்திருக்கிறது. மதுரையில் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் 'டேஷ்' என்றால் வேகமாக மோதுவது, வாரியடிப்பது. 19ஆம் நூற்றாண்டுக் குதிரை வண்டியில், ஓட்டுபவரின் காலுக்கு முன்னால் ஒரு மரப்பலகையோ தோல் போர்த்திய தடுப்போ நிற்கும். குதிரை ஓடும்போது குளம்பு வாரியடிக்கிற சேறும் சரளையும் வண்டிக்குள் வராமல் அது தடுக்கும். அதுதான் டேஷ்போர்டு. வெயிலுக்கும் சாரலுக்கும் நாம் கட்டுகிற தட்டி செய்கிற அதே வேலை. ஆகவே அந்தப் பழைய பொருளில் இதற்கு நேர்த்தமிழ் 'சேற்றுத் தட்டி'. மட்கார்டுக்கு நெருங்கிய உறவு. மட்கார்டு இன்றைக்கும் சேற்றைத் தடுத்துக்கொண்டிருக்கிறது, டேஷ்போர்டு வேறு வேலைக்குப் போய்விட்டது.

மேலூர்ப் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இந்தத் தட்டி எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. பந்தயம் முடித்து இறங்குகிறவரின் முகத்தில் புழுதியும் மண்ணும் அப்பிக் கிடக்கும். பாரம் ஏற்றிய வண்டியில் மாடு நடக்கும், சேறு முகம் வரைக்கும் தெறிக்காது. நம் பார வண்டிகளில் முன்தட்டி இல்லாததற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

குதிரை போய் எஞ்சின் வந்த பிறகும் தட்டி போகவில்லை. 1901இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் காருக்கு 'கர்வ்டு டேஷ்' என்றே பெயர். எஞ்சின் சீட்டுக்கு அடியில், முன்னால் குதிரையும் இல்லை, ஆனாலும் காலுக்கு முன்னே அழகாகச் சுருண்ட பலகை ஒன்று. அப்புறம் எஞ்சின் முன்பக்கம் வந்தது. அதன் சூட்டையும் எண்ணெயையும் ஆட்களிடமிருந்து பிரிக்கும் சுவரானது அந்தப் பலகை. ஓட்டுபவரின் கண்ணுக்கு நேராக இருந்ததால் மானிகளையும் (மீட்டர்கள்) குமிழ்களையும் அந்தப் பக்கத்திலேயே பொருத்தினார்கள். சேற்றைத் தடுக்கும் வேலை முடிந்துவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

வண்டியின் முன்பகுதிக்கு நம்மிடம் பழைய சொல்லே கிடையாதா என்று தேடினால் கொடிஞ்சி வந்து நிற்கிறது. தேரில் நிற்பவர் கையால் பிடித்துக்கொள்ள, முன்னால் தாமரை மொட்டு வடிவில் அமைந்த உறுப்பு அது. புறநானூற்றின் 77ஆம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார் பாடுவது நம் மதுரைப் பாண்டியனை, தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை. கால் சதங்கையை அப்போதுதான் கழற்றிய இளவயதுக்காரன், "நெடுந்தேர்க் கொடிஞ்சி பொலிய நின்றோன்". படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையனின் கைதான் கண்ணில் வரும். டேஷ்போர்டுக்குக் கொடிஞ்சி என்று பெயர் வைக்கலாமே என்று ஆசைப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் பொருந்தாது. கொடிஞ்சி பிடிமானம், பலகை அல்ல. ஜீப்பில் முன் சீட்டுக்காரருக்கு எதிரே ஒரு கைப்பிடி இருக்குமே, மேடுபள்ளத்தில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, அதற்குக் கொடிஞ்சி என்று சொன்னால் அச்சாகப் பொருந்தும்.

இனி அம்பாசடருக்கு வருகிறேன். 1950களின் கடைசியில் வந்து 2014 வரை உற்பத்தியில் இருந்த வண்டி. என் பெரியப்பாவிடம் இருந்தது பெட்ரோல் வண்டி, ஸ்டியரிங் தண்டிலேயே கியர். மார்கழிக் காலையில் சாவியைத் தொடுவதற்கு முன் அவர் கை முகப்பில் (டேஷ்போர்டை நான் இப்படித்தான் சொல்வேன், காரணம் பின்னால்) ஒரு குமிழைத் தேடி வெளியே இழுக்கும். அதுதான் சோக். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குப் போகும் காற்றைக் குறைத்து, பெட்ரோல் கூடுதலாகச் சேரும்படி செய்து, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் ஏற்பாடு. சோக் என்றால் ஆங்கிலத்தில் மூச்சை அடைப்பது. தமிழில் 'காற்றடைப்பு' என்றாலே போதும், வேலையும் விளங்கிவிடும். எஞ்சின் சூடேறச் சூடேற, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுவார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவைகூட அவர் குனிந்து பார்த்ததில்லை.

ஹெட்லைட்டைத் தாழ்த்தும் பொத்தான் தரையில், கிளட்சுக்கு இடப்புறம் இருக்கும். திருமங்கலத்தில் இருந்து ராத்திரி திரும்பும்போது எதிரே லாரி வந்தால் இடது கால் நகரும், 'டக்' என்று ஒரு சத்தம், வெளிச்சம் தணியும். லாரி போனதும் இன்னொரு 'டக்'.

குமிழ் என்ற சொல் எனக்குப் பிடித்துப்போனது அந்த வண்டியால்தான். மரச் செருப்பான பாதக்குறட்டில் கால் விரலிடுக்கில் பிடித்துக்கொள்ளும் திரட்சிக்கும் குமிழ் என்றுதான் பெயர். கண்ணால் பார்க்காமலே உடம்பு தெரிந்துவைத்திருக்கும் பொருள். 'நாப்' என்பதற்குக் குமிழ் என்று எழுதும்போது வெறும் வடிவத்தை மட்டும் சொல்லவில்லை, பழகுகிற விதத்தையும் சேர்த்துச் சொல்கிறோம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. தகரத்துக்குப் பதில் பிளாஸ்டிக் முகப்பு, விளக்குக்கும் வைப்பருக்கும் ஸ்டியரிங் பக்கத்திலேயே நெம்புகோல். கால் பொத்தானுக்கு வேலையில்லாமல் போனது. எரிபொருள் செலுத்தும் முறை மாறியபோது சோக்கும் போய்விட்டது. இதில் நான் வருத்தப்பட ஒன்றும் இல்லை. பழைய தகர முகப்பு மோதலில் நெஞ்சைப் பதம் பார்க்கும், இன்றைய முகப்புக்குள் காற்றுப்பை (ஏர்பேக்) மடிந்து காத்திருக்கிறது.

தொடுதிரை மட்டும் வேறு கதை. 1986இலேயே பியூக் ரிவியேரா காரில் தொடுதிரை வந்துவிட்டது. 2017இல் வந்த டெஸ்லா மாடல் 3இல் ஓட்டுபவருக்கு நேரே மானி கிடையாது, நடுவில் ஒரு 15 அங்குலத் திரை மட்டும். வேகம் அதன் ஓரத்தில் தெரியும், ஏசி காற்று எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்பதையும் திரையில்தான் இழுத்துவிட வேண்டும். திரை வழவழப்பானது. எந்தப் பொத்தான் எங்கே என்று விரலுக்குத் தெரியாது, கண் போயே ஆக வேண்டும். கோரிப்பாளையம் சிக்னல் விழுகிற நேரத்தில் ஏசியைக் குறைக்கத் திரையைப் பார்த்தால், குறுக்கே வருகிற ஷேர் ஆட்டோவை யார் பார்ப்பது? ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் யூரோ என்கேப் அமைப்பு, இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று 2026 முதல் விதி வைத்திருக்கிறது. குமிழ் திரும்பி வருவதில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி.

இப்போது பெயருக்கு வருவோம். 'கட்டுப்பாட்டுப் பலகை' என்று சிலர் எழுதுகிறார்கள். அது மின்சார அறைக்குப் பொருந்தும், காரில் காற்றுப்பையும் பெட்டியும் இருக்கிற இடத்தைக் கட்டுப்பாடு என்று சொல்லிவிட முடியாது. 'கருவிப் பலகை' என்றால் மீட்டர்களோடு நின்றுவிடுகிறது. முழுப் பகுதிக்கும் நான் எழுதுவது முகப்பு. செட்டிநாட்டு வீட்டில் வாசலை ஒட்டிய முன்கட்டு முகப்பு. தாலிச் சங்கிலியின் பக்கவாட்டில் கல் பதித்துத் தொங்குவதும் முகப்புதான், நம் ஊர் நகைக்கடையில் முகப்பு வேண்டும் என்று கேட்டால் உடனே எடுத்துக் காட்டுவார்கள். முன்னால் நின்று முகம் காட்டுவது என்ற பொருள் எல்லாவற்றிலும் ஓடுகிறது. கம்ப்யூட்டரில் எல்லாக் கணக்கையும் ஒரே பக்கத்தில் காட்டும் டேஷ்போர்டுக்கும் இதே சொல் தாங்கும். கூடப் 'பலகை' சேர்ப்பவர்கள் சேர்க்கலாம், தப்பில்லை.

மீட்டர் போர்டுக்கு மானிப்பலகை. வெப்பமானியும் வேகமானியும் பள்ளிக்கூடத்திலேயே பழகியவைதானே. அதில் எரியும் எச்சரிக்கை விளக்குகளுக்குப் பெயரே வேண்டாம், படம் பார்த்தால் போதும். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு, மூக்கு வைத்த கெண்டி மாதிரியே இருக்கும்.

அந்தப் பெட்டிக்கு ஆங்கிலத்தில் 'கையுறைப் பெட்டி' என்று பொருள்படும் பெயர். கூரையில்லாத காலத்துக் கார்களில் குளிருக்குப் போட்ட கையுறையை வைக்க இடம். சித்திரை வெயிலில் மதுரையில் யார் கையுறை போடப் போகிறார்கள்? முன்பெட்டி என்றால் போதும்.

போன மாதம் அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், "இன்சூரன்ஸ் பேப்பர் எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டான். "முன்பெட்டியில இருக்கு தம்பி" என்றேன். ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை, இடப்பக்கக் கதவைத் திறந்து, நேராக அந்த மூடியைத் தூக்கினான்.