வைக்கோல் இருக்கும்போது காளான் கவரை ஏன் தின்னப் போகிறது?

காளான் பிளாஸ்டிக்கைத் தின்னும் என்ற வாட்ஸ்அப் செய்தியை நம்பி, போன வாரம் ஒரு தம்பி சிப்பிக் காளான் பெட் (வைக்கோலும் காளான் வித்தும் அடைத்த பை) ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். வைக்கோலுக்கு நடுவே நறுக்கிய கேரி பேக் துண்டுகள், நீலமும் கறுப்புமாக. மொட்டு நன்றாகவே வந்திருந்தது. "பாதி பிளாஸ்டிக்கைத் தின்னுடுச்சு மேடம். இதை விக்கலாமா?" என்றார். முதல் பறிப்பை வீட்டில் குழம்பு வைத்துவிட்டார்களாம்.

"போடும்போது கவரை எடை போட்டீங்களா?"

"இல்ல மேடம்."

இந்த ஆண்டில் இப்படி வந்த மூன்றாவது ஆள் இவர். மூவருமே எடை போடவில்லை.

பெட்டைப் பிரித்து, துண்டுகளைப் பொறுக்கிக் கழுவி மேசையில் பரப்பினோம். நறுக்கிய விளிம்புகூட மங்கவில்லை. மேலே வெள்ளையாகப் பூசண இழை ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். பாகற்கொடி பந்தலில் படர்ந்தால் பந்தலைத் தின்கிறது என்றா சொல்வோம்?

காளான் வளர்க்கிறவர்களே இதை நம்புவதுதான் எனக்குப் புரியவில்லை. நாம் பெட் போடுவதே பாலித்தீன் பையில். வித்து வளர்ப்பது சோளம் நிரப்பிய பாலிபுரொப்பிலீன் பையில். அதை ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனில் 121 டிகிரியில் அவித்தும் எடுக்கிறோம். கடைசிப் பறிப்பு வரை ஒன்றரை, இரண்டு மாதம் இழை பையோடு ஒட்டியே கிடக்கிறது. ஒரு பையாவது ஓட்டை விழுந்திருக்கிறதா? (எலி கடித்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.) அறுவடை முடிந்ததும் குடிலில் மலையாகக் குவிவதே அந்த அழுக்குப் பைகள்தான். காளான் அவற்றைத் தின்றால் முதலில் சந்தோஷப்படுகிறவள் நான்.

சரி, பூஞ்சை பிளாஸ்டிக்கைத் தின்னும் என்று செய்தியில் வந்ததெல்லாம் பொய்யா? (காளானும் ஒரு பூஞ்சைதான்.) இல்லை. இக்வடார் மழைக்காட்டிலிருந்து யேல் பல்கலைக்கழக மாணவர்கள் எடுத்துவந்த பெஸ்டலோஷியாப்சிஸ் என்ற பூஞ்சை, காற்றில்லாத இடத்திலும் பாலியூரித்தேனைச் சிதைப்பதாக 2011இல் ஆய்வு வெளியானது. இஸ்லாமாபாத் குப்பைமேட்டில் கிடைத்த ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வகை ஒன்றும் பாலியூரித்தேனைச் சிதைப்பதாக 2017இல் சொன்னார்கள். "பாலியூரித்தேன்" என்ற சொல் மட்டும் வாட்ஸ்அப்பில் வரும்போது "பிளாஸ்டிக்" ஆகிவிடுகிறது. என் எரிச்சலெல்லாம் இங்கேதான்.

பிளாஸ்டிக் என்பது ஒரே பொருள் இல்லை. உலோகம் என்பதைப் போல அது ஒரு குடும்பப் பெயர். இரும்பு துருப்பிடிக்கிறது என்பதற்காகத் தங்கச் சங்கிலியும் துருப்பிடிக்கும் என்று யாராவது பயப்படுகிறோமா? மெத்தை நுரை, சில செருப்புகளின் அடிப்பாகம், சில பூச்சுகள் எல்லாம் பாலியூரித்தேன். அந்த ஆய்வுகளில் இருந்தது அதிலும் பாலியெஸ்டர் வகை. அதன் மூலக்கூறுச் சங்கிலியில் எஸ்டர் என்ற பிணைப்பு உண்டு, பூஞ்சையின் நொதி அங்கே கத்தி வைக்கிறது. மளிகைக்கடை கவரும் பால் பாக்கெட்டும் பாலித்தீன். அதில் முழுக்கக் கார்பன் சங்கிலிதான், நொதிக்குப் பிடி கிடைப்பதில்லை. பார்சல் டப்பாக்களில் பல பாலிபுரொப்பிலீன், தெர்மகோல் பாலிஸ்டைரீன். தண்ணீர் பாட்டில் 'பெட்' (நம் காளான் பெட் இல்லை). ஜப்பானில் 2016இல் அந்த பாட்டில் பிளாஸ்டிக்கைத் தின்பதாகக் கண்டறியப்பட்டது ஒரு பாக்டீரியா, அது பூஞ்சையே இல்லை.

பாலித்தீனைத் தொடும் பூஞ்சையும் உண்டு. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2024இல் ஒரு கடல் பூஞ்சையைப் பற்றி எழுதினார்கள். வேகம் நாளுக்கு 0.05 சதவீதம். அதுவும் புற ஊதா ஒளி பட்ட பாலித்தீனை மட்டும். அதே வேகத்தில் போனாலும் ஒரு கவர் தீர 2,000 நாள், ஐந்தரை ஆண்டு. சிட்னியில் 2023இல் இரண்டு பூஞ்சைகள் 90 நாளில் பாலிபுரொப்பிலீனில் கால்பங்கைச் சிதைத்தன. அதற்கும் முன்கூட்டியே புற ஊதா ஒளி, வெப்பம் என்று பதம் பண்ணிக் கொடுத்தார்கள். நல்ல ஆய்வுகள், குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் பெட்டில் இனிக்க இனிக்க வைக்கோல் இருக்கிறது. பந்தியில் சோறு போட்டிருக்க யார் வாழையிலையைக் கடிப்பார்கள்?

இனி, தயவுசெய்து கேளுங்கள். பிளாஸ்டிக் கலந்த பெட்டில் வந்த காளானைச் சாப்பிடாதீர்கள், விற்கவே விற்காதீர்கள். சிப்பிக் காளான் காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்து வைக்கும். கவரின் சாயத்தில் என்ன இருக்கிறது என்று கவர் விற்றவருக்கே தெரியாது. அந்த பெட்டை உரக்குழியிலும் போடாதீர்கள். "ஒரு வருஷத்தில் மக்கிடுச்சு" என்பவர்கள் மண்ணைச் சலித்துப் பார்க்கட்டும். கவர் காணாமல் போயிருக்காது, பொடியாகியிருக்கும்.

அப்புறம் இன்னொருவர், பிளாஸ்டிக்கைத் தின்னும் பூஞ்சை வளர்க்கிறேன் என்று ஸ்பாஞ்சில் கறுப்புப் பூஞ்சை பிடிக்க வைத்து, ஜாடியைப் படுக்கையறை அலமாரியில் வைத்திருந்தார். வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை. எனக்குக் கோபமே வந்துவிட்டது. சிட்னி ஆய்வில் இருந்த ஒன்று ஆஸ்பெர்ஜில்லஸ் டெர்ரியஸ். நோய் எதிர்ப்பு குறைந்தவர்களின் நுரையீரலைப் பிடித்தால், ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்துக்கும் அது பெரும்பாலும் அடங்காது. 2021இல் கறுப்புப் பூஞ்சை நோய் பரவியபோது அந்த மருந்துக்கு நாம் அலைந்தது மறந்துவிட்டதா? அவர் வளர்த்தது எந்தப் பூஞ்சை என்று அவருக்கும் தெரியாது, பார்த்த மாத்திரத்தில் எனக்கும் தெரியாது. அதனால்தான் நாங்கள் மூடிய அறையில், முகக்கவசத்தோடு வேலை செய்கிறோம். வீட்டில் வேண்டாம்.

பழைய பைகளை என்ன செய்வது? வைக்கோலை உதறி, அலசி, காயவைத்துக் கட்டுங்கள். சுத்தமாக இருந்தால் பழைய பொருள் கடைக்காரர் எடுத்துக்கொள்வார், அழுக்காக இருந்தால் கை வைக்க மாட்டார். பிளாஸ்டிக் கலக்காத வைக்கோல் தாராளமாக மண்புழு உரத்துக்குப் போகட்டும்.

அந்தத் தம்பியின் பெட்டிலிருந்து கவர் துண்டுகளைப் பொறுக்க மட்டும் எங்கள் இருவருக்கும் ஒன்றே கால் மணி நேரம் ஆனது.