ஒழுகும் தளமும் இளைக்கும் கம்பியும்

முப்பது வருடத்துக்கு முன் கட்டிய காங்கிரீட் வீட்டில் கூரை இரண்டு விதமாகத் தொல்லை தரும். ஐப்பசி அடைமழையில் கூடத்தின் மேல்தளத்தில் ஈரம் படர்ந்து சொட்டும். அல்லது மழையே இல்லாத சித்திரையில் ஒரு நாள் இரவு பூச்சு பெயர்ந்து கட்டிலின்மேல் விழும். முதலாவதைக் கண்டால் வீடே பதறுகிறது. இரண்டாவதற்குக் கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரு கை சிமெண்ட் பூசி, வெள்ளையடித்து மறந்துவிடுகிறோம். உண்மையில் பதற வேண்டியது இரண்டாவதற்குத்தான்.

ஒழுகல் பெரும்பாலும் தளத்துக்கு மேலே இருக்கும் குறை. மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, அதன்மேல் தட்டு ஓடு பதித்து, தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்திருப்பார்கள். ஓட்டு இணைப்புகள் விட்டுப்போனாலோ, குழாய் வாயில் இலை அடைத்தாலோ நீர் தேங்கி இறங்கும். வெயிலும் தன் பங்கைச் செய்கிறது. பத்து மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் மயிரிழை விரிசல் விழுவது இதனால்தான். இவையெல்லாம் மேலிருந்தே சரிசெய்யக் கூடியவை. மழைக்கும் ஒழுகலுக்கும் தொடர்பே இல்லாமல் எப்போதும் ஈரமாக இருந்தால், குற்றவாளி கூரை அல்ல, குழாய்.

இரண்டாவது தொல்லைக்குக் காரணமான, காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியின் கதை வேறு. புதிய காங்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது, காரம் கூடக் கூட ஏறும் பி.எச். அளவு அதில் 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, துருவை அண்டவிடாமல் காக்கிறது. ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல நுழைந்து, அங்குள்ள சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. பி.எச். 9-ஐ ஒட்டி இறங்கிவிடும். காங்கிரீட் பார்வைக்கு உறுதியாகவே இருக்கும். உள்ளே கம்பியின் கவசம் மட்டும் கழன்றிருக்கும். பிறகு ஈரமும் காற்றும் போதும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். அந்த வீக்கம்தான் காங்கிரீட்டை உள்ளிருந்து பிளந்து தள்ளுகிறது. நம் தலையில் விழுவது அதன் கடைசிக் கட்டம்.

இந்த வாயு உள்ளே செல்லும் ஆழம், காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கேட்க வறட்டுக் கணக்கு. ஆனால் பல வீடுகளின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டர் காங்கிரீட் இருக்கும் இடத்தில் வாயு கம்பியைத் தொட 40 வருடம் ஆகும் என்றால், 10 மில்லிமீட்டர் மட்டுமே இருக்கும் இடத்தில் 10 வருடத்தில் தொட்டுவிடும். தளம் போடும் நாளில் கம்பியைத் தூக்கி நிறுத்த வேண்டிய கவர் கட்டைகளை வைக்காமல் விட்டால், அல்லது ஆட்கள் மிதித்துக் கம்பி பலகையில் படிந்துவிட்டால், முப்பது வருடம் அங்கேயே தொலைந்துவிட்டது. கம்பியை மூடும் காங்கிரீட்டின் கனம், மூடி பாதுகாத்த சாதாரணச் சூழலுக்கு 20, கடலோரச் சூழலுக்கு நேராகத் திறந்திருக்கும் காங்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் என்று இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்வது சும்மா இல்லை. கடற்காற்றின் குளோரைடு, காரம் குறையாத இடத்திலும் அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைத்துவிடும்.

எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எப்படி அறிவது? சிறிய சுத்தியலால் தளத்தின் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே போங்கள். திடமான இடம் 'டங்' என்னும். உள்ளே பிரிந்த இடம் 'பொத்' என்னும். பொத் என்ற இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டால் சேதம் ஓரமா, முழு அறையா என்பது தெரிந்துவிடும். அடுத்து, பொறியாளர் புதிதாக உடைத்த காங்கிரீட்டில், பள்ளிக்கூட ஆய்வகத்தில் நாம் பார்த்த அதே ஃபினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார். இளஞ்சிவப்பானால் காரம் இருக்கிறது. கம்பியைச் சுற்றி நிறமே வராவிட்டால் கவசம் போயிற்று.

பிறகு கம்பியைச் சுரண்டி அளக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் கம்பி 7 ஆக இளைத்தால் "ஒரு மில்லிதானே" என்று மேஸ்திரி சொல்லக்கூடும். ஆனால் பலம் குறுக்குப் பரப்பில் இருக்கிறது. ஏறக்குறைய கால் பங்கு போய்விட்டது. இழப்பு சிறிதாக, சில இடங்களில் மட்டும் இருந்தால் பழுதுபார்க்கலாம். கம்பியின் பின்புறம் வரை செதுக்கி, துருவை முழுதும் நீக்கி, பாதுகாப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த சாந்தால் அடைக்க வேண்டும். தேவைப்பட்டால் புதுக்கம்பி சேர்க்க வேண்டும். விழுந்த இடத்தில் மட்டும் மேலோட்டமாகப் பூசினால் இன்னொரு வேடிக்கை நடக்கும். புதுச் சாந்துக்குள் இருக்கும் கம்பி நலமாகிவிட, அதன் விளிம்பை ஒட்டிய பழைய பகுதி மின்வேதி முறையில் அரிபடும் முனையாகி வேகமாகத் துருப்பிடிக்கும். இரண்டு வருடத்தில் பூசிய இடத்துக்குப் பக்கத்திலேயே விழுவது இதனால்தான்.

ஒழுகலை நிறுத்துகிறேன் என்று பழைய ஓட்டின்மேலேயே இன்னொரு அடுக்கு ஜல்லி போடுபவர்களும் உண்டு. பத்து சென்டிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 180 கிலோ கூடும். ஆட்கள் நடமாடும் மாடிக்கு விதிகள் ஒதுக்கும் ஆள்சுமையே ஏறத்தாழ 150 கிலோதான்.

மர உத்தரங்களின்மேல் செங்கல் அடுக்கிக் கூரை போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்கு உத்தரம் ஒன்று உளுத்தால் அந்த ஒன்றை மாற்றலாம். காங்கிரீட் தளத்தில் அப்படிப் பிரித்தெடுக்க முடியாது. அறையின் நடுப்பகுதி முழுவதும் பொத் என்று ஒலித்து, கம்பிகள் பரவலாகக் கால் பங்குக்கு மேல் இளைத்து, தளம் கண்ணுக்குத் தெரியத் தொய்ந்திருந்தால், பொறியாளரின் கணக்கு பெரும்பாலும் தளத்தை மாற்றுவதில்தான் முடியும். பால்கனியிலும் சன்ஷேடிலும் இன்னும் முன்பே யோசிக்க வேண்டும்: அங்கே முக்கியக் கம்பி மேல்பக்கத்தில், நீர் தேங்கும் இடத்தில் இருக்கிறது, கீழிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. எந்த முடிவானாலும், கீழே முட்டுக் கொடுக்காமல் உளியோடு ஏணியில் ஏறும் ஆளை முதலில் கீழே இறங்கச் சொல்லுங்கள்.