மைதானத்துக்குப் போனால்தான் லத்தீனோ ஆண்களைப் பார்க்க முடியும்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸிலிருந்து வந்த லத்தீனோ குடும்பங்களுக்கு என்று ஒரு சுகாதாரக் கூட்டம் போட்டால் வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். கூட்டத்தை நடத்தும் ‘ப்ரொமோத்தோரா’க்களும், அதாவது அந்தச் சமூகத்திலிருந்தே வரும் சுகாதாரப் பணியாளர்களும், அநேகமாகப் பெண்கள். ஆண்கள் எங்கே என்று கேட்டால், “ஆம்பளைங்கிற வீம்பு, டாக்டர்கிட்ட வரமாட்டாங்க” என்பார்கள். எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. விடிவதற்கு முன்பே கூரை வேலைக்கு வேன் ஏறுகிறவருக்குச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்ட் கொடுத்துவிட்டு, வரவில்லையே என்று குறைப்பட்டால் எப்படி? அன்றைய கூலி போய்விடும். குடியேற்ற ஆவணம் இல்லாதவர், அரசின் மருத்துவக் காப்பீட்டுச் சந்தையான ஒபாமாகேரில் முழுப் பணம் கட்டிக்கூடக் காப்பீடு வாங்க முடியாது. போதாததற்கு, மருத்துவமனை, தேவாலயம் போன்ற இடங்களில் குடியேற்றக் கைதுகளுக்கு இருந்த கட்டுப்பாட்டையும் 2025 ஜனவரியில் நீக்கிவிட்டார்கள்.

ஆக, நாம்தான் அவர்களிடம் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கால்பந்து மைதானம். இதே மாநிலத்தில் ஸ்காட் ரோட்ஸும் அவருடைய ஆய்வுக் குழுவும் ‘ஓம்ப்ரெஸ்’ என்ற திட்டத்தில் அதைச் செய்து காட்டினார்கள். லத்தீனோ லீக் ஆட்டக்காரர்களில் சிலருக்கே பயிற்சி கொடுத்து ‘நவெகாந்தே’, வழிகாட்டி, ஆக்கினார்கள். ஆணுறை பற்றியும் எச்.ஐ.வி. பரிசோதனை பற்றியும் அணித் தோழர்களிடம் அவர்களே பேசினார்கள். ஆணுறை பயன்படுத்துவதும் பரிசோதனைக்குப் போவதும் கூடின. வெள்ளைக் கோட்டு போட்டவர் கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும் விஷயத்தை, சேர்ந்து விளையாடுகிறவனிடம் சிரித்தபடியே பேசிவிடுகிறார்கள்.

மைதானத்தில் ரத்த அழுத்தம் பார்ப்பது தனி வித்தை. ஆட்டம் முடிந்து மூச்சு வாங்க வருகிறவரிடம் பார்த்தால் எண் ஏறித்தான் இருக்கும். ஆட்டத்துக்கு முன்பே, ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். எனர்ஜி டிரிங்க் குடித்தாரா என்று கேளுங்கள். கூரை வேலைக்காரர்களின் கைக்கு, அழுத்தம் பார்க்கக் கட்டும் பட்டை பெரிய அளவில் வேண்டும். சின்னதைக் கட்டினால் இல்லாத அழுத்தம் வந்துவிடும். கேப்டன் முதலில் கையை நீட்டினால் மற்றவர்கள் தானாக வரிசையில் நிற்பார்கள்.

புகையிலைத் தோட்டத்திலும் இதே கதைதான். பனியில் நனைந்த இலையைப் பறிக்கும்போது நிகோட்டின் தோல் வழியாக உள்ளே போய் வாந்தி, தலைசுற்றல் வரும். புதிதாக வந்தவர் வெயில் என்று நினைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பறிக்கப் போவார். நனைந்த சட்டையை உடனே மாற்று, இலை காய்ந்த பிறகு இறங்கு என்று பக்கத்து வரிசைக்காரர் சொன்னால் கேட்பார்.

இப்படி வழிகாட்டியாக வரும் ஆண்களிடம் ‘தன்னார்வம்’ என்று சொல்லி இலவசமாக வேலை வாங்குவதும் சரியில்லை. பெட்ரோல் காசாவது கொடுக்க வேண்டும். பெயர், முகவரி கேட்கும் படிவங்களை முடிந்தவரை குறைக்க வேண்டும்.

அப்புறம், பயிற்சி நாளிலேயே வழிகாட்டியின் கையில் சில விவரங்கள் இருக்க வேண்டும்: வருமானத்துக்கு ஏற்றபடி கட்டணம் வாங்கும் மருத்துவ நிலையம் எது, மாலையில் அங்கே ஸ்பானிஷ் பேசுகிறவர் யார். அழுத்தத்தின் மேல் எண் 180ஐத் தாண்டி நெஞ்சுவலியோ பார்வை மங்கலோ இருந்தால் அவசர உதவி எண் 911தான், காத்திருக்கக் கூடாது. ரத்த அழுத்த அளவை மட்டும் சொல்லி அனுப்பினால், அடுத்த ஞாயிறு நம் மேசையைப் பார்த்ததும் சுற்றிக்கொண்டு போய்விடுவார்.