ஓவேரியன் ரிசர்வ்: கருமுட்டைக் கையிருப்பு

கருத்தரிப்பு மையங்களில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "ஓவேரியன் ரிசர்வ் கம்மி" என்பார்கள். கூடவே "வெயிட்டைக் குறைங்க" என்பதும் வரும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டவர், எடை குறைந்தால் முட்டை கூடும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் முட்டை கூடுவதில்லை.

லத்தீனில் 'ஓவம்' என்றால் முட்டை, அதிலிருந்து வந்ததுதான் முட்டைகள் இருக்கும் உறுப்பான ஓவரி. 'ரிசர்வ்' என்பதும் லத்தீன் வழி வந்ததுதான். பின்னால் ஆகும் என்று எடுத்துவைப்பது. மருத்துவத்தில் இது ஓவரியில் மீந்திருக்கும் முட்டைகளின் எண்ணிக்கையைக் குறிக்கும். பெண் குழந்தை பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் இருக்கும், பூப்பெய்தும்போது 3, 4 லட்சம். வாழ்நாள் முழுக்க வெளிவருவது 400 அளவில்தான். மற்றவை தாமாகவே அழியும். கர்ப்பத்தின்போதும் நிற்காது, கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் நிற்காது. அதனால் 'சேமிப்பு' என்று தமிழாக்குவது தப்பு. சேமிப்பில் மேலும் போடலாமே!

சரி, ஓவரிக்கு என்ன சொல்வது? தமிழ்நாட்டுப் பாடநூலில் அண்டகம், பத்திரிகைகளில் சினைப்பை, இலங்கையில் சூலகம். 'சினை' என்றதும் மாடும் மீனும் நினைவுக்கு வருகின்றன. மழைமேகத்தையும் சூல்கொண்டது என்கிற மொழி இது. என் ஓட்டு சூலகத்துக்கு. ஆனால் 'சூலக இருப்பு' என்றால் சூலகம் இருக்கிறதா இல்லையா என்று கேட்பதுபோல ஆகிவிடும். 'கருமுட்டைக் கையிருப்பு' எளிதில் புரியும்.

முட்டைகளை நேரடியாக எண்ண வழியில்லை. முட்டை வளரும் சிறு நுண்பைகள் ஸ்கேனில் தெரியும், அவற்றை எண்ணுவார்கள். அவை சுரக்கும் ஏ.எம்.எச். ஹார்மோனை ரத்தத்தில் அளப்பார்கள். எடை குறுக்கிடுவது இங்கேதான். உடல் பருமன் உள்ளவர்களுக்கு ஏ.எம்.எச். சற்றுக் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஸ்கேன் எண்ணிக்கையோ எப்போதும் கூடவே குறைவதில்லை. அதாவது சுரப்பு மந்தமாகியிருக்கலாம், இருப்பு அப்படியே இருக்கலாம். பி.சி.ஓ.எஸ். எனப்படும் சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு எடையும் கூடுதல், ஏ.எம்.எச்.சும் கூடுதல் என்று தலைகீழாக வருவதும் உண்டு.

அப்புறம் எடையை ஏன் குறைக்கச் சொல்கிறார்கள்? மாதாமாதம் முட்டை ஒழுங்காக வெளிவர அது உதவும். சிகிச்சையில் ஊசி மருந்தும் குறைவாகத் தேவைப்படலாம். கர்ப்பகாலச் சர்க்கரைநோய் அபாயமும் குறையும். கையிருப்பு மட்டும் ஏறாது. 38 வயதில் ஒருவர் எடையைக் குறைத்துவிட்டு வருகிறேன் என்று ஒரு வருடம் தள்ளிப்போடுவதா, உடனே சிகிச்சையைத் தொடங்குவதா என்பதை டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். அந்த ஒரு வருடமும் முட்டை கரைந்துகொண்டுதான் இருக்கும்.