கியர்பாக்ஸைக் கழற்றச் சம்மதிக்கும் முன்

பத்து வருடம் தாண்டிய ஆட்டோமேட்டிக் காரை ஓட்டிக்கொண்டு என்னிடம் வருபவர்களில் பலர், வேறெங்கோ “கியர்பாக்ஸ் போச்சு” என்று கேட்டுவிட்டு, பெரிய தொகை எழுதிய கொட்டேஷனோடுதான் வருகிறார்கள். அண்மையில் வந்த பழைய ஹூண்டாய் ஐ10, 4 கியர் ஆட்டோமேட்டிக், அப்படித்தான் வந்தது. காலையில் நன்றாக ஓடும். டிராஃபிக்கில் சூடேறியதும் ஒருமுறை தூக்கிப்போடும். அதற்கப்புறம் சிக்னலில் எடுத்தால் இழுக்காது. “அந்த நேரத்தில் ஆஃப் பண்ணி மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் என்ன சார் ஆகிறது?” என்று கேட்டேன். “கொஞ்ச நேரம் சரியாக ஓடும்” என்றார் ஓட்டி வந்தவர்.

அந்தப் பதில் போதும், பாதி வேலை முடிந்தது. தேய்ந்துபோன கிளட்ச் பிளேட் சாவியைத் திருப்பினால் சரியாகாது. இந்த வகை கியர்பெட்டியில் சென்சார் சிக்னல் தவறினால், கியர் மாற்றத்தைக் கவனிக்கும் கம்ப்யூட்டரான கன்ட்ரோல் யூனிட் பாதுகாப்புக்காக 3-வது கியரிலேயே நிறுத்திவிடும். நின்ற வண்டியை 3-வது கியரில் எடுத்தால் எப்படி இழுக்கும்? ஸ்கேனரில் பி0715 என்ற கோளாறு எண் வந்தது, அதாவது பெட்டிக்குள் வரும் சுழற்சி வேகத்தை அளக்கும் இன்புட் ஸ்பீடு சென்சார். அது பெட்டிக்கு வெளியிலேயே இருக்கிறது. எதையும் திறக்காமல் மாற்றினோம்.

அதனால்தான் சொல்கிறேன்: கோளாறு வந்த வண்டியில் பேட்டரியைக் கழற்றி மாட்டாதீர்கள். பதிவான கோளாறு எண் அழிந்துபோக வாய்ப்புண்டு. ஸ்கேன் செய்து குறித்துக்கொண்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

அடுத்தது கியர்பாக்ஸ் ஆயில் (ஏடிஎஃப்). அளவு பார்க்கும் முறையே வண்டிக்கு வண்டி மாறும். பழைய ஹூண்டாயில் பெட்டி சூடான பின், என்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும். ஹோண்டாவில் சூடாக்கி, என்ஜினை அணைத்து, 60 முதல் 90 வினாடிக்குள் பார்க்க வேண்டும். முறை மாறினால் சரியான அளவும் குறைவாகத் தெரியலாம். மேலும் ஊற்றி நுரைக்க விடுவார்கள். வகையும் முக்கியம்: பழைய ஹூண்டாய்க்கு எஸ்பி-3, ஹோண்டாவின் கியர் வகை ஆட்டோமேட்டிக்குக்கு (சிவிடிக்கு அல்ல) டிடபிள்யூ-1. “எல்லாத்துக்கும் ஒரே ஏடிஎஃப்தான்” என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

ஆயில் பழுப்பாக இருந்தால் வயதாகிவிட்டது, அவ்வளவுதான். கருப்பாகி, கருகிய வாடை அடித்து, ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் உலோகச் சீவல் ஒட்டியிருந்தால் உள்ளே சேதம். பசை போன்ற மெல்லிய சாம்பல் நிறப் படிவு மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். ரோஸ்மில்க் நிறத்தில் கலங்கியிருந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் கசிந்து கூலன்ட் கலந்திருக்கலாம். வெள்ளத்தில் நின்ற வண்டியிலும் இதே நிறம் வரும். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு கைமாறிய பழைய வண்டி என்றால் இதை முதலில் பாருங்கள். தண்ணீர் கலந்தால் கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பூச்சு உரிந்துவிடும்.

‘டி’ போட்டதும் “டொம்” என்று அடிப்பது என்ஜினையும் பெட்டியையும் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்ததாலும் இருக்கலாம். லேசாக ஆக்சிலரேட்டர் அழுத்தும்போது வரும் நடுக்கத்தை டார்க் கன்வெர்ட்டர் (என்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) தலையில் போடுவதற்கு முன் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் இரண்டையும் பாருங்கள். இவை எல்லாமே சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரத்துக்குள் முடியக்கூடியவை.

ஒரே ஒரு மாற்றத்தில் மட்டும், உதாரணமாக 2-லிருந்து 3-க்குப் போகும்போது ஆர்பிஎம் ஏறி இறங்கினால் அந்த கியருக்கான சொலனாய்டையோ (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு) கிளட்ச்சையோ சந்தேகப்படலாம். எல்லா கியரிலும் வழுக்கினால் ஆயில் அழுத்தத்தை கேஜ் வைத்து அளக்க வேண்டும். அளக்காமல் பெட்டியை இறக்கச் சொல்பவரிடம் அழுத்தம் எவ்வளவு காட்டியது என்று கேளுங்கள், தப்பில்லை. ஸ்டால் டெஸ்ட் என்று வீடியோ பார்த்து பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதித்துப் பார்க்காதீர்கள். 5 வினாடி தாண்டினால் ஆயில் கொதித்து, நன்றாக இருக்கும் கிளட்ச்சும் கருகிவிடும்.