முதுகில் எடுக்கும் பிரசவ வலி

“வயிறுகூடப் பரவாயில்லை சிஸ்டர், முதுகுதான் பிளந்து போகிறது.” பிரசவ அறையில் இதைக் கேட்டதும் நான் முதலில் கவனிப்பது, அவர் எப்படிப் படுத்திருக்கிறார் என்பதை. பெரும்பாலும் மல்லாந்துதான் இருப்பார்.

குழந்தையின் பின்மண்டை அம்மாவின் முதுகுப் பக்கம் இருந்தால், ஒவ்வொரு வலியிலும் அது இடுப்பின் பின்னெலும்பில் முட்டும். (குழந்தை சரியாகத் திரும்பியிருந்தும் முதுகு வலிப்பவர்கள் உண்டு.) மல்லாந்து படுத்தால் அந்தப் பாரமெல்லாம் அங்கேயே இறங்கும். கட்டிலைப் பிடித்து முன்னால் சாய்ந்து நிற்கலாம், முட்டிபோட்டுக் கைகளை ஊன்றலாம், பெரிய பந்தில் உட்கார்ந்து இடுப்பை ஆட்டலாம். இதனால் குழந்தை திரும்பிவிடும் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. முதுகு கொஞ்சம் இளகினால் சரி.

அப்புறம் கை. துணைக்கு வந்தவர்கள் பாசமாகத் தடவிக்கொடுப்பார்கள்; பல பெண்களுக்கு அதில் எரிச்சல்தான் வரும். அவர்கள் கேட்பது அழுத்தம். உள்ளங்கையின் அடிப்பகுதியைப் பிட்டத்துக்குச் சற்று மேலே உள்ள தட்டையான எலும்பில் வைத்து, வலி ஏறத் தொடங்கும்போதே அழுத்தி, இறங்கும்வரை எடுக்காமல் இருக்க வேண்டும். முழங்கையை மடக்காமல் உடம்பின் எடையைக் கொடுத்தால் கை சீக்கிரம் ஓயாது. சரியான இடத்தை அவரே சொல்லட்டும். குழந்தை இறங்க இறங்க அந்த இடமும் கீழே நகரும்.

சுடு ஒத்தடமும் நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதலிலேயே மசாஜும் ஒத்தடமும் இருக்கின்றன. எபிடியூரல் (வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் மருந்து) போட்டு மரத்துப்போன இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது.

பலர் நம்ப மறுப்பது தண்ணீர் ஊசியைத்தான். இடுப்பின் பின்பக்கம் 4 இடங்களில், தோலுக்குள், இடத்துக்குச் சுமார் 0.1 மில்லி கிருமி நீக்கிய தண்ணீர். மருந்து எதுவும் இல்லை. குளவி கொட்டினாற்போல் அரை நிமிடம் எரியும். சில நிமிடங்களில் முதுகு தணிந்து, பலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும். வயிற்று வலி அப்படியேதான் இருக்கும். இதை முன்பே சொல்லாவிட்டால் ஏமாந்துபோவார். பயிற்சி பெற்ற இருவர், வலி எடுக்கும் நேரத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து போட்டால் எரிச்சல் சீக்கிரம் முடியும்.

ஆனால் வலி இடையில் விடவே இல்லை, வயிறு கல்லாக இறுகியிருக்கிறது, இரத்தம் போகிறது என்றால் முதுகை அமுக்கிக்கொண்டு இருக்காதீர்கள். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.